ஓடையோரத்து அத்திமரமும் அரை விரல் மீனும்

கொல்லிமலையில் ஓடையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சபலம் வருவதுண்டு. கரையில் நிற்கும் அத்தி, நாவல் மரங்களை எடுத்துவிட்டால் தண்ணீர் ஓரம் வரைக்கும் குச்சிக்கிழங்கு ஊன்றலாம். மரநிழல் விழுவதால் வெறுமனே கிடக்கும் இடமும் வெள்ளாமைக்கு வந்துவிடும். ஒரு காணி, ஒன்றரைக் காணி வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பத்து சென்ட் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவில் பாதியை அது தாங்கும்.

வளப்பூர்நாட்டுப் பக்கம் ஒரு குடும்பத்தில் இந்தப் பேச்சு இரண்டு வருடமாக நடந்தது. மகன் வெட்டலாம் என்றார். அறுபதைத் தாண்டிய அப்பா வேண்டாம் என்றார். அப்பா சொன்ன காரணம்தான் மகனுக்குச் சிரிப்பை வரவழைத்தது.

"மீனுக்கு நெழல் வேணும்டா."

"மீனா? அரை விரல் நீளம்கூட இல்ல. அதைப் புடிச்சு யாருப்பா குழம்பு வைக்கப் போறாங்க?"

அப்பா மேற்கொண்டு வாதாடவில்லை. பங்குனி மாதம், உச்சி வெயில் நேரத்தில் மகனை மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். செருப்பைக் கழற்றச் சொன்னார். முதலில் வெயில் விழும் பாறைப் பக்கம் காலை வைக்கச் சொன்னார். பிறகு அத்திமரத்து வேர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் மூலையில் வைக்கச் சொன்னார். முதல் இடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பு. இரண்டாவது இடத்தில் சில்லென்று இருந்தது. இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. மடுவில் இருந்த சின்ன மீன் அத்தனையும் அந்த இரண்டாவது மூலையில், வேருக்கு அடியில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. பாறைப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

"காலைல வந்து பாரு, மடு முழுக்க மேயும். வெயில் ஏற ஏற இங்க வந்து ஒதுங்கிடும். இந்த மூலையும் சூடாயிட்டா அதுங்க எங்கடா போகும்?" என்று கேட்டார்.

மகனிடம் அதற்குப் பதில் இல்லை. இந்தக் கேள்விக்குள் மீனின் உடம்பைப் பற்றியும், ஓடையைப் பற்றியும், மலையைப் பற்றியும் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது.

தண்ணீரின் சூடுதான் மீனின் சூடு

மனிதனுக்கும் மாட்டுக்கும் உடம்புச் சூடு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். குளிரில் உடம்பு தானே சூட்டை உண்டாக்கும். வெயிலில் வியர்த்துத் தணித்துக்கொள்ளும். மீனுக்கு இந்த வசதி கிடையாது. அதன் ரத்தம் ஒவ்வொரு சுற்றிலும் செவுள் வழியாகப் போகிறது. செவுளில் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய தோல்தான். பிராணவாயு உள்ளே வரும் அதே இடத்தில் உடம்புச் சூடு வெளியே போய்விடும். தண்ணீர் 20 டிகிரி என்றால் மீனும் 20 டிகிரி. தண்ணீர் 30 டிகிரி என்றால் மீனும் 30 டிகிரி. பெரிய மீனுக்கு உடம்பு முழுக்க இந்த மாற்றம் பரவக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அரை விரல் மீனுக்குச் சில நிமிடங்களே போதும்.

சூடு கூடினால் மீனின் உடம்பில் எல்லா வேலையும் வேகமாகும். பொதுவாகப் பத்து டிகிரி கூடினால் உடம்பு செலவழிக்கும் சக்தி இரண்டு மடங்கு ஆகிறது. அதற்கு இரண்டு மடங்கு பிராணவாயு வேண்டும். ஆனால் தண்ணீரின் குணம் இதற்கு நேர் எதிர். சூடு கூடக்கூடத் தண்ணீரில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும். கடல் மட்டத்தில் 20 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம்தான். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது.

மலைமேல் இன்னொரு குறைவும் சேர்கிறது. கொல்லிமலையின் மேல்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. அதே அளவுக்குத் தண்ணீரில் கரையும் பிராணவாயுவும் குறையும். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதும், கல்லில் மோதிக் குதித்து ஓடுவதும்தான் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. ஓட்டம் நின்று மடுவாகத் தேங்கும் கோடையில் குளிர்ச்சி ஒன்றுதான் மிச்சம்.

உடம்புக்குள் நடக்கும் மாற்றம்

மார்கழி, தை மாதங்களில் கொல்லிமலை வீடுகளில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். நல்லெண்ணெய் உறையாது. 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் இறுக ஆரம்பித்துவிடும். நல்லெண்ணெயில் இருக்கும் கொழுப்பின் வகை வேறு என்பதால் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

மீனின் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு இருக்கிறது. குளிரில் அது இறுகினால் உள்ளே போக வேண்டியது போகாது, வெளியே வர வேண்டியது வராது. வெயிலில் ரொம்ப இளகினாலும் ஆபத்து. அதனால் குளிர் தொடங்கும்போது மீன் தன் செல் சவ்வில் இறுகாத வகைக் கொழுப்பைக் கூட்டிக்கொள்கிறது. வெயில் காலம் வரும்போது கெட்டியான வகையைக் கூட்டுகிறது. எண்ணெய்க் கலவையை மாற்றி வைப்பது மாதிரிதான் இது.

அதிகச் சூட்டில் இன்னொரு சிக்கல் வருகிறது. உடம்பில் உள்ள புரதங்கள் உருக்குலைய ஆரம்பிக்கும். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாவது புரதம் உருக்குலைவதால்தான். மீனின் செல்களில் இதைத் தடுக்கவே தனிப் புரதங்கள் இருக்கின்றன. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். சூடு ஏறும்போது இவை கூடுதலாக உருவாகி, மற்ற புரதங்கள் கெடாமல் தாங்கிப் பிடிக்கும்.

இந்த ஏற்பாடுகள் ஒரே நாளில் முடிவதில்லை. சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். மாசி, பங்குனி, சித்திரை என்று வெயில் படிப்படியாக ஏறினால் மீன் கூடவே தன்னை மாற்றிக்கொண்டு வரும். நிழலில் இருந்த மடு திடீரென்று வெட்டவெளியானால் அந்த அவகாசம் கிடைக்காது. அவகாசம் கிடைத்தாலும் ஓர் எல்லை உண்டு.

ஒரு டிகிரிக்கு 25 தலைமுறை

அந்த எல்லை தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகருமா என்று நார்வே நாட்டு அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் பரிசோதித்தார்கள். அதற்கு எடுத்துக்கொண்டது நம் நாட்டு மீனைத்தான். உடம்பில் நீல வரிகள் ஓடும் வரிக்குதிரை மீன், நம் ஓடைகளில் நீந்தும் சிறு மீன்கள் பலவற்றுக்குப் பங்காளி. மேற்கு வங்கத்தில் இயற்கையான நீர்நிலைகளில் பிடித்த மீன்களை வைத்து வளர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் சூட்டை அதிகம் தாங்கியவற்றை மட்டும் பொறுக்கி இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். ஆறு தலைமுறை, 20,000 மீன்களுக்கு மேல். முடிவு 2020-இல் வெளியானது. தாங்கும் எல்லை ஒரு தலைமுறைக்கு 0.04 டிகிரிதான் உயர்ந்தது.

இந்தக் கணக்குப்படி ஒரு டிகிரி ஏற 25 தலைமுறை வேண்டும். அதுவும் ஆட்களை வைத்துப் பொறுக்கி வளர்த்த கூடத்தில். ஓடையில் யாரும் பொறுக்கி விடுவதில்லை.

கரையோர மரத்தை எடுத்த இடங்களில் ஓடைத் தண்ணீரின் கோடை உச்சச் சூடு சில டிகிரி கூடுவதைப் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அரம் வைத்து அறுத்தால் ஒரே நாளில் மரம் போய்விடும். அடுத்த கோடையிலேயே தண்ணீர் சூடாகும்.

அதே 2020-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்தினர் 694 மீன் இனங்களை ஒப்பிட்டு இன்னொரு முடிவைச் சொன்னார்கள். வளர்ந்த மீனைவிட, முட்டைக்குள் இருக்கும் கருவும், முட்டையிடும் பருவத்தில் இருக்கும் மீனும் சூட்டை மிகக் குறைவாகவே தாங்கும். மடுவில் பெரிய மீன்கள் நீந்துவதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட முடியாது. குஞ்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குஞ்சு இல்லாத மடு, பிள்ளை இல்லாத வீடு மாதிரி.

தாங்குவதைவிட ஒதுங்குவதே வழி

உடம்பால் ஓரளவுக்குமேல் முடியாது என்பதால் மீன் நம்பியிருப்பது தன் துடுப்பைத்தான். சூடு ஏறினால் இடம் மாறும். ஆழத்துக்குப் போகும். கல்லுக்கு அடியில் நுழையும். மரநிழலில் நிற்கும். நிலத்தடியிலிருந்து ஊற்று கசியும் இடம் பகல் முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே போய்க் கூடும். மேய்ச்சலைக் காலையிலும் அந்தியிலும் வைத்துக்கொண்டு உச்சி வேளையில் ஆடாமல் அசையாமல் நிற்கும். அத்திமர மூலையில் அந்த மகன் பார்த்தது இதைத்தான்.

விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை போன்றவை வாயால் வெளிக்காற்றை எடுத்துச் சமாளிக்கும். அதனால்தான் சேற்றுக் குட்டையிலும் அவை பிழைக்கின்றன. ஆனால் கல்லில் வாயை ஒட்டிப் பாசி சுரண்டும் மீனுக்கும், வெள்ளியாக மின்னிக்கொண்டு கூட்டமாகத் திரியும் சிறு மீன்களுக்கும் அந்த வசதி இல்லை. அவற்றுக்குக் குளிர்ந்த மூலை ஒன்று வேண்டும். அங்கே போய்ச் சேர வழியும் வேண்டும்.

கொல்லிமலையில் அந்த வழி எதுவரை இருக்கிறது? மேல்நாட்டு ஓடைகள் சேர்ந்து அய்யாறாகி, அறப்பளீஸ்வரர் கோயிலைத் தாண்டி, ஆகாய கங்கையில் 300 அடி விழுகிறது. கீழே திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்குப் போகிறது. அருவிக்குக் கீழே உள்ள மீன் மேலே ஏறி வர முடியாது. மேலே இருக்கும் மீன் அடித்துக்கொண்டு போனால் திரும்ப முடியாது. அதனால் மேலே ஒரு மடுவில் மீன் அற்றுப்போனால் கீழே இருந்து வந்து நிரம்பாது. இன்னும் குளிர்ச்சியைத் தேடி உயரே போகவும் இடம் இல்லை. மலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கோயில் பக்கத்து ஆற்று மீனை யாரும் பிடிப்பதில்லை. அறுத்துக் குழம்பில் போட்ட மீனை இறைவன் மறுபடி பொருத்தி உயிர்ப்பித்தார் என்பது ஐதீகம். ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்கள் பொரி போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வலையிலிருந்து மீனைக் காப்பாற்ற அந்த நம்பிக்கை போதுமாக இருந்தது. சூட்டிலிருந்து காப்பாற்ற, கோயிலுக்கு மேலே பல ஓடைகளின் கரைகளில் நிலம் வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் மனது வைக்க வேண்டும்.

குட்டையில் மீன் வளர்ப்பவர்களுக்கு

ஓடை மீனுக்குச் சொன்னது பண்ணைக்குட்டை மீனுக்கும் பொருந்தும். மலைமேல் குட்டை வெட்டி மீன் விடுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

குஞ்சுகளைச் சமவெளியிலிருந்து பாலித்தீன் பையில் வாங்கி, 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொண்டு வருகிறார்கள். பைத்தண்ணீர் சூடாக இருக்கும், குட்டைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும். வந்ததும் பையைக் கிழித்துக் கொட்டினால் அந்த அதிர்ச்சியிலேயே பாதி போய்விடலாம். வாயைக் கட்டிய பையை முதலில் குட்டையில் 20 நிமிடம் முதல் அரை மணி நேரம் மிதக்கவிட வேண்டும். பிறகு பையைத் திறந்து குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும். அதன்பின் பையைச் சாய்த்தால் குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியே போகும். விடியற்காலையில் வண்டி ஏற்றுவது நல்லது.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் 25 முதல் 32 டிகிரி வரையில்தான் நன்றாக வளரும். மலைக்குளிரில் அவை இரை எடுப்பது குறையும். கீழ்நாட்டு அட்டவணையைப் பார்த்து அதே அளவு தீவனம் கொட்டினால் தீவனம் அழுகித் தண்ணீர்தான் கெடும். சாதாக்கெண்டை குளிரை இன்னும் நன்றாகத் தாங்கும். 1939-இலேயே இலங்கையிலிருந்து கொண்டு வந்து ஊட்டியில் விட்ட மீன் அது.

குட்டையின் ஒரு பகுதியாவது ஆறடி ஆழம் இருக்கட்டும். வெயிலில் மேல்தண்ணீர் சூடாகும்போது மீன் இறங்க இடம் வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குத் தீவனத்தை நிறுத்திவிட்டுப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து விழும்படி விடலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு நம் நாட்டில் தடை இருக்கிறது. அது எதையும் தாங்கும், எதையும் தின்னும். அதுவும் சரி, குட்டையில் மிஞ்சிய வேறு வளர்ப்பு மீனும் சரி, ஓடைக்குள் போகவே கூடாது.

மரமும் பத்து சென்ட்டும்

அந்த வீட்டில் பேச்சு ஒரே நாளில் முடியவில்லை. மீனுக்காக மட்டும் பத்து சென்ட்டை விட மகனுக்கு மனசு வரவில்லை. அதில் தப்பும் இல்லை. நஷ்டம் அவர் தலையில்தானே விழும்? அப்பா வேறு கணக்கைப் போட்டுக் காட்டினார். கோடையில் மிளகு நாற்றுக்குத் தண்ணீர் எடுப்பது அந்த மடுவில்தான். வெயில் நேராக விழும் மடு சீக்கிரம் வற்றும், பாசி கட்டும். கரையில் வேர் இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மண் சரிந்து மடு தூர்ந்துவிடும். பிறகு மடுவும் இல்லை, மண்ணும் இல்லை. அரை விரல் மீன்கள் கொசுப்புழுவைத் தின்பதையும் சேர்த்துச் சொன்னார்.

கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. தண்ணீர் ஓரத்து ஒரு வரிசை மரத்தைத் தொடுவதில்லை. வயல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை மட்டும் கழிப்பது. அந்த நிழலில் குச்சிக்கிழங்கு வராது, ஆனால் மிளகும் காபியும் நிழல் பொறுக்கும். தண்ணீர் தேங்காத மேட்டுப் பக்கமாக மிளகுக் கொடிகளை ஏற்றிவிட்டார்கள். மிளகு காய்ப்புக்கு வர மூன்று, நான்கு வருடம் ஆகும். அதுவரை அந்தப் பத்து சென்ட்டில் வருமானம் இல்லை. மருமகளுக்கு இதில் வருத்தம்தான். "மீனு பொழச்சுக்கும், நம்ம பொழைக்கிறது எப்படிங்க?" என்று ஒரு நாள் புருஷனிடம் கேட்டார். அவரால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மேலே இரண்டு காடு தள்ளி இருப்பவர் கரையை மழுங்க வெட்டிவிட்டார். அங்கே சூடான தண்ணீர்தான் கீழே வருகிறது. ஒரு காட்டின் நிழல் அந்தச் சூடு மேலும் ஏறாமல் தடுக்கும். வேரடி ஊற்று கொஞ்சம் தணிக்கும். அதற்குமேல் முடியாது. ஓடையைச் சர்வே கல் போட்டுப் பிரித்துக்கொள்ள முடியாதே. இப்போது ஊர்க் கூட்டத்தில் ஊர்க்கவுண்டரிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டும் என்று சொல்வது மகன்தான். வெட்டியவரைக் குறை சொல்வதற்காக இல்லை. அவர் கரையில் மறுபடி நாவலும் அத்தியும் நட, அவரவர் காட்டிலிருந்து கன்று எடுத்துக் கொடுப்பதற்காக.

ஓடையோரம் நிலம் இருப்பவர்கள் வரும் பங்குனியில் ஒரு மத்தியானம் போய்ப் பார்க்கலாம். வெயில் விழும் இடத்திலும் நிழல் விழும் இடத்திலும் தண்ணீரில் காலை வைத்துப் பாருங்கள். மீன் எந்தப் பக்கம் நிற்கிறது, அதில் குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூலைக்கு நிழல் கொடுக்கும் மரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். கரையில் கத்தி வைப்பதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.